டெக் வேலை தேடுற முஸ்லிம் தம்பி தங்கச்சிகளுக்கு: நிய்யத்துல ஆரம்பிச்சு ஆஃபர் லெட்டர் வரைக்கும் முழு வழிகாட்டி

அஸ்ஸலாமு அலைக்கும்.

சாஃப்ட்வேர் வேலை தேடுற நம்ம பசங்ககிட்ட ரெண்டு பேச்சு அடிக்கடி கேக்குறேன். ஒண்ணு, "ரிஜ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ் கையில இருக்கு, வர்றப்ப வரும்"னு சொல்லிட்டு மாசக்கணக்கா ஒரு அப்ளிகேஷன் கூட போடாம இருக்குறது. இன்னொண்ணு, "இந்த ஃபீல்டுல எல்லாரும் தான் பொய் எக்ஸ்பீரியன்ஸ் போடுறாங்க, நாம மட்டும் உண்மை பேசினா வேலை கிடைக்காது"னு சொல்லிட்டு ரெஸ்யூமேல இல்லாததை எல்லாம் எழுதுறது. பாக்க எதிர் எதிரா தெரியும், ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், ரிஜ்க்கை பத்தின நம்பிக்கை நாக்குல மட்டும் இருக்கு, வேலைக்குள்ள இறங்கல.

ஜாபிர் (ரலி) அறிவிக்கிற ஒரு ஹதீஸ் இப்னு மாஜாவுல இருக்கு. எந்த உயிரும் தனக்குன்னு உள்ள ரிஜ்க்கை முழுசா வாங்கிக்காம மௌத்தாகாது, அது வர்றதுக்கு லேட்டானாலும் சரி, அதனால அல்லாஹ்வை பயந்துக்கங்க, தேடுறதை அழகா தேடுங்க, ஹலாலானதை எடுத்துக்கங்க, ஹராமானதை விட்டுடுங்கன்னு நபி (ஸல்) அவங்க சொன்னாங்க. கவனிச்சு பாருங்க, தேடாதீங்கன்னு சொல்லல, அழகா தேடுங்கன்னு சொன்னாங்க. உங்களுக்குன்னு எழுதினது வந்தே தீரும்னு நெஜமா நம்புற ஆளுக்கு பொய் சொல்ல தேவையே இல்ல, சும்மா உக்காரவும் மனசு வராது. கீழ வர்ற எல்லா படியும் இந்த ஒரு விஷயத்தை சுத்திதான்.

படி 1: நிய்யத்தை சரி பண்ணுங்க

செயல்கள் எல்லாம் நிய்யத்தை பொறுத்துன்னு உமர் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும், வேலை தேடுறதுல அதை யாரும் பொருத்தி பாக்குறதில்ல அவ்ளோதான். ஒரு பேப்பர் எடுத்து இந்த வேலை எனக்கு எதுக்குன்னு எழுதுங்க. உம்மா வாப்பாவை பாத்துக்க, யார்கிட்டயும் கை ஏந்தாம இருக்க, குடும்பத்துக்கு ஹலாலான சாப்பாடு போட, ஸகாத் கொடுக்குற நிலைக்கு வர. மனைவி வாயில வைக்கிற ஒரு கவளத்துக்கு கூட கூலி இருக்குன்னு ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவங்ககிட்ட நபி (ஸல்) சொன்னாங்க, அப்போ அந்த கவளத்துக்காக நீங்க எழுதுற கோடும் தேடுற நேரமும் இபாதத்துல சேராதா?

தவக்குல்னா (அல்லாஹ் மேல பொறுப்பு சாட்டுறதுன்னா) என்னன்னு பறவைகளை வச்சு சொன்ன ஹதீஸையும் மறந்துடாதீங்க. அதுங்க காலையில ஒட்டின வயிறோட கிளம்புது, சாயங்காலம் நிறைஞ்ச வயிறோட திரும்புது. கூட்டை விட்டு கிளம்புதுங்க, அதுதான் முக்கியம்.

படி 2: எந்த வேலைக்கு அப்ளை பண்ணலாம், எதுக்கு கூடாது

இதுலதான் ரொம்ப குழப்பம், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு கேள்வி தனித்தனியா கேக்கணும். கம்பெனி எதுல சம்பாதிக்குது? அங்க என் கை என்ன செய்யும்?

வட்டி விஷயத்துல, வட்டி வாங்குறவர், கொடுக்குறவர், அதை எழுதுறவர், அதுக்கு சாட்சி சொல்ற ரெண்டு பேர், எல்லாரையும் நபி (ஸல்) சபிச்சாங்க, எல்லாரும் சமம்னு சொன்னாங்கன்னு முஸ்லிம்ங்கிற ஹதீஸ் நூல்ல வருது. அந்த காலத்துல எழுதுறதுன்னா பேனா, இன்னைக்கு லோன் சிஸ்டத்துல வட்டி கணக்கு போடுற மாட்யூலை எழுதுறவர் அந்த இடத்துல தான் நிக்கிறார். அதே மாதிரி பந்தயம் கட்டுற ஆப், ஆன்லைன் சூதாட்ட கேம், ஆபாச தளம், மது விக்கிற ஆப், இதுக்கெல்லாம் பேக்எண்ட் எழுதுறதா இருந்தாலும் டிசைன் பண்றதா இருந்தாலும் டெஸ்டிங்கா இருந்தாலும் பாவத்துக்கு உதவாதீங்கங்கிற குர்ஆனோட 5:2 வசனம் நேரா நம்மள பாக்குது. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, விட்டுடுங்க.

இன்னொரு பக்கம் தெளிவான ஹலால் நிறைய இருக்கு, அதை நம்ம ஆளுங்க குறைச்சு மதிப்பிடுறாங்க. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர், படிப்பு சம்பந்தப்பட்ட தளங்கள், லாஜிஸ்டிக்ஸ், ஃபேக்டரி ஆட்டோமேஷன், டெவலப்பர் டூல்ஸ், நெட்வொர்க்கிங், விவசாயத்துக்கான சென்சார், கம்பெனிகளோட சம்பள கணக்கு, ஸ்டாக் கணக்கு பாக்குற சிஸ்டம்னு போயிட்டே இருக்கும்.

நடுவுல இருக்குறதுதான் தலைவலி. பேங்க்ல சைபர் செக்யூரிட்டி, எல்லா விதமான கம்பெனிக்கும் பொதுவான க்ளவுட் சர்வீஸ், பணம் அனுப்புற பேமென்ட் கேட்வே, விளம்பர டெக்னாலஜி. இதுல ஆலிம்கள் மத்தியிலயே கருத்து வேறுபாடு இருக்கு, நேரடியா உதவுறதுக்கும் தூரத்துல இருந்து சம்பந்தப்படுறதுக்கும் அவங்க வித்தியாசம் பாக்குறாங்க. ஹலால் தெளிவு, ஹராம் தெளிவு, நடுவுல சந்தேகமானது இருக்கு, அதை தவிர்த்தவர் தன்னோட தீனையும் மானத்தையும் காப்பாத்திக்கிட்டார்னு நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ் இருக்குல்ல, என்னோட கருத்து, வேற வழி இருக்குறப்ப இந்த நடுப்பகுதிக்குள்ள போகாம இருக்குறதே நல்லது. போய்த்தான் ஆகணும்னா ஒரு ஆலிம்கிட்ட கேளுங்க, ஆனா "ஹஜ்ரத், ஐடி வேலை ஹலாலா"ன்னு பொதுவா கேக்காதீங்க, அதுக்கு அவங்க என்னன்னு சொல்லுவாங்க? ஜாப் டிஸ்க்ரிப்ஷனை தமிழ்ல விளக்கி, "தினமும் என் வேலை இது, இந்த கம்பெனிக்கு வருமானம் இதுல இருந்து வருது"ன்னு சொல்லி கேளுங்க, பதிலும் தெளிவா வரும்.

பெரும்பாலும் யாரும் பேசாத ஒண்ணு, டேட்டா. ஒருத்தரை ஒருத்தர் துருவி துருவி உளவு பாக்காதீங்கன்னு 49:12 சொல்லுது. மக்களுக்கு தெரியாம அவங்க போன்ல இருந்து லொகேஷனை, கான்டாக்ட் லிஸ்டை உருவி விக்கிற கம்பெனில டேட்டா இன்ஜினியர் வேலைன்னா அதையும் இந்த வசனத்தோட வச்சு பாக்கணும். ஹராம்னா மதுவும் வட்டியும் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

சில பேருக்கு வேற ஒரு சந்தேகம், முஸ்லிம் இல்லாதவங்க கம்பெனில வேலை பாக்கலாமான்னு. கப்பாப் (ரலி) மக்காவுல கொல்லரா இருந்தாங்க, ஆஸ் பின் வாயிலுக்கு வேலை செஞ்சு கொடுத்துட்டு கூலி கேட்டு போனாங்கன்னு புகாரி ஹதீஸ் நூல்ல இருக்கு, அந்த ஆஸ் இஸ்லாத்துக்கு எவ்வளவு பெரிய எதிரி. ஹிஜ்ரத்துல வழி காட்ட நபி (ஸல்) அவங்களும் அபூபக்கர் (ரலி) அவங்களும் கூலிக்கு அமர்த்தினவர் முஸ்லிம் கிடையாது, பாதை நல்லா தெரிஞ்சவர், நம்பிக்கையானவர், அவ்ளோதான் பாத்தாங்க. வேலை ஹலாலா இருந்தா முதலாளி யாருங்கிறது தடை இல்ல.

ஏற்கனவே சந்தேகமான வேலைல இருக்கீங்களா? பதறிப்போய் நாளைக்கே ரிசைன் லெட்டர் கொடுக்காம, உங்க கடன், வீட்டு செலவு எல்லாத்தையும் ஆலிம்கிட்ட சொல்லி கேட்டு முடிவெடுங்க, கேக்குற அன்னைக்கே வேற வேலை தேடுறதையும் ஆரம்பிச்சிடுங்க.

படி 3: கவிய்யாவும் (வலிமையானவரா) ஆகணும், அமீனாவும் (நம்பிக்கையானவரா) ஆகணும்

மூஸா (அலை) மத்யன் வர்றப்ப கையில ஒண்ணும் இல்ல, ஊர் புதுசு, ஆள் தெரியாது, எகிப்துல அவங்களை பிடிக்க தேடிக்கிட்டு இருக்காங்க. அங்க கிணத்துகிட்ட ரெண்டு பொண்ணுங்க ஒதுங்கி நிக்கிறதை பாத்து அவங்க ஆடுகளுக்கு தண்ணி இறைச்சு கொடுத்துட்டு, நிழல்ல போய் உக்காந்து, "யா ரப்பே, நீ எனக்கு இறக்குற எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவனா இருக்கேன்"னு கேட்டாங்க, அது 28:24. அடுத்த ரெண்டே வசனத்துல வேலைக்கு சிபாரிசு நடக்குது. "வாப்பா, இவரை வேலைக்கு வச்சுக்கங்க, நீங்க வேலைக்கு வைக்கிறவங்கள்ல சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர்தான்"னு அந்த பொண்ணு சொல்றாங்க. அல் கவிய்யுல் அமீன். சர்டிஃபிகேட்டை யாரும் கேக்கல, அவங்க வேலை செஞ்சதையும் நடந்துக்கிட்ட விதத்தையும் கண்ணால பாத்திருந்தாங்க.

நமக்கு வலிமைன்னா திறமை. முதல்ல ஒரு பாதையை தேர்ந்தெடுங்க, ஃப்ரண்ட்எண்ட், பேக்எண்ட், டெஸ்டிங், டேட்டா, க்ளவுட், செக்யூரிட்டி, ஏதாவது ஒண்ணு. அந்த பேர்ல வந்திருக்குற ஒரு 20, 30 வேலை விளம்பரத்தை ஓபன் பண்ணி என்னென்ன ஸ்கில் கேக்குறாங்கன்னு ஒரு ஷீட்ல போட்டு எண்ணுங்க. திரும்ப திரும்ப வர்ற அஞ்சாறு தான் உங்க சிலபஸ், மத்ததை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. வாரம் ஒரு லாங்குவேஜ் மாத்துறவங்களுக்கு எதுலயும் ஆழம் வர்றதில்ல.

கத்துக்குறது கஷ்டம்னு தோணினா ஸைத் பின் ஸாபித் (ரலி) அவங்களை நினைச்சுக்கங்க, யூதர்களோட எழுத்தை கத்துக்க சொல்லி நபி (ஸல்) சொன்னாங்க, பாதி மாசம் முடியறதுக்குள்ள கத்துக்கிட்டு கடிதம் எழுதவும் வர்ற கடிதத்தை படிச்சு காட்டவும் ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு தேவைக்காக, ஒரே குறியோட கத்துக்கிட்டாங்க, அதனாலதான் அந்த வேகம்.

நேரத்துக்கு என் சிபாரிசு, ஃபஜ்ருக்கு அப்புறம். என் உம்மத்துக்கு அதிகாலையில பரக்கத் செய்னு நபி (ஸல்) துஆ கேட்டிருக்காங்க, அதை அறிவிச்ச ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி, தன் சரக்கை காலையிலேயே அனுப்பி நல்லா செழிச்சாங்கன்னு அதே ஹதீஸ்ல வருது. ஃபஜ்ர் தொழுதுட்டு "அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக்க இல்மன் நாஃபிஅன், வரிஸ்கன் தய்யிபன், வஅமலன் முதகப்பலா"ன்னு கேளுங்க, பயனுள்ள கல்வி, நல்ல ரிஜ்க், ஏத்துக்கப்படுற அமல், வேலை தேடுறவருக்கு இதை விட என்ன வேணும், கேட்டுட்டு போனை தூர வச்சுட்டு கஷ்டமான பாடத்தை அப்பவே எடுங்க.

க்ராக் பண்ணின சாஃப்ட்வேர், டெலிகிராம்ல திருட்டுத்தனமா வர்ற கோர்ஸ் இதெல்லாம் வேணாம், அடுத்தவங்க ஹக்கு அது. நியாயமான வழியிலயே இலவசமா ஏகப்பட்டது இருக்கு, ஃப்ரீகோட்கேம்ப் இருக்கு, ஹார்வர்டோட சிஎஸ்50 இருக்கு, வெப்புக்கு எம்டிஎன் இருக்கு. வட்டிக்கு கடன் வாங்கி பெரிய பூட்கேம்ப்ல சேர்றதும் வேணாம், ஹலாலான வேலையை தேடி போற பாதையே வட்டில ஆரம்பிச்சா எப்படி?

ப்ராஜெக்ட் பண்றப்ப எல்லாத்துலயும் இஹ்ஸானை அல்லாஹ் விதிச்சிருக்கான்ங்கிற ஹதீஸை மனசுல வைங்க. அறுக்குறப்ப கத்தியை தீட்டிக்கங்கன்னு அதுலயே வருது, அந்த அளவுக்கு சின்ன விஷயத்துலயும் நேர்த்தி. பத்து அரைகுறை ப்ராஜெக்ட்டை கிட்ஹப்ல குவிக்கிறதை விட, டெஸ்ட் எழுதி, ரீட்மீ தெளிவா வச்சு, எர்ரர் வந்தா யூஸருக்கு புரியற மாதிரி சொல்ற ஒரு ப்ராஜெக்ட் போதும். உங்க பள்ளிவாசலுக்கு ஜமாஅத் டைம் காட்டுற ஒரு ஆப், மக்தப் பிள்ளைங்க வருகை பதிவுக்கு ஒரு சின்ன தளம்னு நெஜமா யாராவது யூஸ் பண்ற ஒண்ணா இருந்தா இன்னும் நல்லது, பேசுறதுக்கு விஷயமும் கிடைக்கும், நன்மையும் கிடைக்கும்.

படி 4: ரெஸ்யூமே

"என்னை பத்தி நானே பெருமையா எழுதுறது கிப்ர் ஆகாதா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. யூசுஃப் (அலை) அவங்க ராஜாகிட்ட "நாட்டோட களஞ்சியங்களுக்கு என்னை பொறுப்பாக்குங்க, நான் பாதுகாக்க தெரிஞ்சவன், விஷயம் அறிஞ்சவன்"னு சொன்னது 12:55ல இருக்கு. தேவையான இடத்துல, உண்மையான திறமையை, அந்த வேலைக்கு சம்பந்தப்பட்ட அளவுக்கு சொன்னாங்க. ரெஸ்யூமேக்கு இதுதான் அளவுகோல்.

இதோட மறுபக்கம், தனக்கு கொடுக்கப்படாததை இருக்குற மாதிரி காட்டிக்கிறவர் பொய்யால ஆன ரெண்டு ஆடையை உடுத்தினவர் மாதிரின்னு புகாரிலயும் முஸ்லிம்லயும் வர்ற ஹதீஸ். இல்லாத எக்ஸ்பீரியன்ஸ், மூடிப்போன கம்பெனி பேர்ல வாங்கின லெட்டர், நண்பனை மேனேஜர்னு சொல்லி வெரிஃபிகேஷனுக்கு நம்பர் கொடுக்குறது, எல்லாம் இதுக்குள்ள வரும், அந்த நண்பனும் பொய் சாட்சி சொன்னவனா ஆகுறான். சந்தையில தானிய குவியலுக்குள்ள கையை விட்டு ஈரத்தை கண்டுபிடிச்சு, இதை மக்கள் பாக்குற மாதிரி மேல வச்சிருக்க கூடாதா, ஏமாத்துறவர் நம்மள சேர்ந்தவர் இல்லன்னு நபி (ஸல்) சொன்னாங்களே, ரெஸ்யூமேயோட மேல் வரியும் உள்ள இருக்குறதும் ஒண்ணா இருக்கணும்.

உண்மையை எழுதினா ரெஸ்யூமே வெறுமையா இருக்கும்னு பயப்படுறீங்க, அப்படி இல்ல, எழுத தெரியணும். ஒரு உதாரணம் பாருங்க. மூணு பேர் சேர்ந்து காலேஜ்ல ஒரு ஷாப்பிங் சைட் பண்ணினீங்க. "முழு ஈ-காமர்ஸ் தளத்தை உருவாக்கினேன்"னு எழுதினா அது பொய், அதோட இன்டர்வியூல பேமென்ட் பத்தி முதல் கேள்விலயே மாட்டிக்குவீங்க. இப்படி எழுதுங்க: "மூணு பேர் டீம். லாகின், பாஸ்வேர்ட் ரீசெட், ஆர்டர் ஹிஸ்டரி பக்கம் என் பொறுப்பு. ஆர்டர் பக்கம் மெதுவா லோட் ஆனதை டேட்டாபேஸ் இன்டெக்ஸ் போட்டு சரி பண்ணினேன்." இன்டர்வியூ எடுக்குற பக்கத்துலயும் உக்காந்தவன்ங்கிற முறையில சொல்றேன், இந்த ரெண்டாவது ஆளைத்தான் கூப்பிட தோணும், ஏன்னா இவர்கிட்ட பேச ஏதோ இருக்கு.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல கேப் இருந்தா அதை மறைக்காதீங்க, "குடும்ப பொறுப்பு, அதோட பைத்தான் கத்துக்கிட்டேன்"னு ஒரு வரி போதும். ஒரு டூலை ட்யூட்டோரியல்ல மட்டும் தொட்டிருந்தா "அறிமுகம் உண்டு"ன்னு தனியா பிரிச்சு போடுங்க. மதம், கல்யாண விவரம், போட்டோ இதெல்லாம் கேக்காத இடத்துல போட வேண்டியதில்ல, அது மறைக்கிறது ஆகாது.

ஏற்கனவே பொய் போட்டு வேலைல சேர்ந்தவங்க, தவ்பா செய்ங்க, அந்த சம்பளம் விஷயத்தை ஆலிம்கிட்ட தனியா உக்காந்து கேளுங்க, அடுத்த ரெஸ்யூமேல இருந்து அந்த வரியை எடுத்துடுங்க.

படி 5: சந்தை எங்க இருக்கு?

மதீனாவுக்கு வெறுங்கையோட வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவங்களுக்கு ஸஅத் பின் ரபீஃ (ரலி) தன் சொத்துல பாதியை தர்றேன்னாங்க. அவங்க துஆ செஞ்சுட்டு, இங்க வியாபாரம் நடக்குற சந்தை எங்கன்னு மட்டும் கேட்டாங்க, பாலாடைக்கட்டியும் நெய்யும் வித்து ஆரம்பிச்சாங்க. உதவி பண்றவங்ககிட்ட என்ன கேக்கணும்ங்கிறதுக்கு இது பாடம், "எனக்கு ஒரு வேலை வாங்கி கொடுங்க"ன்னு கேக்குறதை விட "வழி எங்க இருக்கு"ன்னு கேளுங்க.

லிங்க்ட்இன்ல முன்ன பின்ன தெரியாதவருக்கு "பாய் ரெஃபரல் ப்ளீஸ்"னு அனுப்புறதை நிறுத்துங்க. இப்படி எழுதலாம்: "அஸ்ஸலாமு அலைக்கும் பாய். உங்க கம்பெனில ஜூனியர் பேக்எண்ட் வேலை ஒண்ணு பாத்தேன். ஜாவால பண்ணின ப்ராஜெக்ட் லிங்க் இது. என் ரெஸ்யூமே அந்த வேலைக்கு பொருந்துதான்னு பாத்து சொல்ல முடியுமா? பொருந்தலைன்னா எதை சரி பண்ணணும்னு சொன்னாலே பெரிய உதவி." பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்க, அப்புறம் விட்டுடுங்க, அவங்களுக்கும் வேலை இருக்கும்.

ரெஃபர் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல சிபாரிசு செய்றவருக்கு அதுல ஒரு பங்கு இருக்கு, கெட்ட சிபாரிசு செய்றவருக்கு அதுலயும் பங்கு இருக்குன்னு 4:85 சொல்லுது. அதனால சொந்தக்காரன்ங்கிறதுக்காக தகுதி இல்லாதவரை "சூப்பர் டெவலப்பர்"னு எழுதாதீங்க, தெரிஞ்ச அளவுக்கு சொல்லுங்க.

காசு கொடுத்தா வேலைன்னு யாராவது சொன்னா அங்கயே நின்னுடுங்க. லஞ்சம் கொடுக்குறவர், வாங்குறவர் ரெண்டு பேர் மேலயும் சாபம் இருக்கு, அதோட பெரும்பாலும் அது மோசடியாவும் இருக்கும். ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட்னு ஆஃபருக்கு முன்னாடி பணம் கேக்குற இடத்துல வேலையே இருக்காது.

படி 6: மஷ்வராவும் இஸ்திகாராவும்

ஒரு வாய்ப்பு கையில வந்துட்டா விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, அப்புறம் இஸ்திகாரா. ஜாபிர் (ரலி) சொல்றாங்க, குர்ஆன் அத்தியாயத்தை சொல்லி தர்ற மாதிரி எல்லா காரியத்துலயும் இஸ்திகாராவை நபி (ஸல்) எங்களுக்கு சொல்லி தந்தாங்கன்னு. பர்ளு இல்லாத ரெண்டு ரக்அத் தொழுதுட்டு அந்த துஆவை ஓதணும், அரபில மனப்பாடம் இல்லைன்னா பாத்து ஓதுங்க, ஆனா அர்த்தம் தெரிஞ்சு ஓதுங்க. இந்த காரியம் என் தீனுக்கும் என் வாழ்க்கைக்கும் என் முடிவுக்கும் நல்லதுன்னு நீ அறிஞ்சிருந்தா எனக்கு விதிச்சு, லேசாக்கி, பரக்கத் செய், கெட்டதுன்னா அதை என்னை விட்டும் என்னை அதை விட்டும் திருப்பிடு, நன்மை எங்க இருந்தாலும் அதை எனக்கு விதிச்சு அதுல என்னை திருப்தியாக்கு. அந்த கடைசி வரியை நிறுத்தி கேளுங்க, கிடைச்சதுல மனசு நிறையிறதுதான் பெரிய விஷயம்.

கனவு வரணும், பச்சை கலர் தெரியணும்னு எல்லாம் ஹதீஸ்ல இல்ல. தொழுதுட்டு காரியத்துல இறங்குங்க, லேசாச்சுன்னா போங்க, கதவு மூடிச்சுன்னா அதுதான் பதில். ஹராம்னு தெளிவா தெரிஞ்ச வேலைக்கு இஸ்திகாராவே கிடையாது.

படி 7: இன்டர்வியூ

டைம் கொடுக்குறப்பவே தொழுகை வக்தை பாத்து தேர்ந்தெடுங்க. ளுஹர் வக்து நீளமானது, தொழுதுட்டு உக்காரலாம், மஃரிப் சின்னது, அந்த நேரத்துல ஸ்லாட் கொடுத்தா "ஒரு அரைமணி நேரம் தள்ளி வைக்கலாமா"ன்னு முதல்லயே கேட்டுடுங்க, பெரும்பாலும் யாரும் மறுக்குறதில்ல. ஜும்ஆ நேரத்தையும் அப்படியே தவிர்த்துடுங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி மூஸா (அலை) ஃபிர்அவ்ன்கிட்ட போறப்ப கேட்ட துஆ, "ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ, வயஸ்ஸிர் லீ அம்ரீ, வஹ்லுல் உக்ததன் மின் லிஸானீ, யஃப்கஹூ கவ்லீ." நெஞ்சு விரியணும், காரியம் லேசாகணும், நாக்கு முடிச்சு அவிழணும், பேசுறது அவங்களுக்கு புரியணும், ஒரு இன்டர்வியூவுக்கு தேவையான நாலும் அதுல வந்துடுது.

ஆன்லைன் இன்டர்வியூல பக்கத்து ஸ்க்ரீன்ல ஏஐயை ஓட விட்டு பாத்து படிக்கிறது, காதுல இயர்பட் போட்டு இன்னொருத்தர் சொல்ல சொல்ல பேசுறது, உங்களுக்கு பதிலா வேற ஆள் உக்கார்றது, இது எல்லாமே அந்த ஈர தானியம்தான், ஹலாலான கம்பெனியா இருந்தாலும் உள்ள நுழைஞ்ச வழி கெட்டுப்போச்சு. டேக்ஹோம் டாஸ்க்ல ஏஐ யூஸ் பண்ணலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்க, பண்ணலாம்னு சொன்னா எங்க பண்ணினேன்னு ரீட்மீல ஒரு வரி எழுதுங்க.

தெரியாத கேள்வி வந்தா? இமாம் மாலிக் (ரஹ்) எவ்வளவு பெரிய இமாம், கேட்ட கேள்வில பலதுக்கு தெரியாதுன்னு பதில் சொன்னாங்கன்னு அறிவிப்பு இருக்கு. நீங்க இப்படி சொல்லலாம்: "காஃப்கா நான் நேரடியா யூஸ் பண்ணினதில்ல. மெசேஜ் க்யூவுக்கு ராபிட்எம்க்யூ யூஸ் பண்ணியிருக்கேன், அதை வச்சு யோசிச்சா இந்த பிரச்சினையை இப்படி பாப்பேன்." தெரியாததை தெரியாதுன்னும் சொல்லியாச்சு, யோசிக்க தெரியும்னும் காட்டியாச்சு.

பழைய மேனேஜரை பத்தி கேட்டா புறம் பேசாதீங்க, "கத்துக்குற வாய்ப்பு குறைஞ்சுடுச்சு, அதான் மாறுறேன்"னு உங்க பக்கத்தை மட்டும் சொல்லுங்க. எதிர்பாலர் கை நீட்டுனா நெஞ்சுல கை வச்சு சிரிச்ச முகத்தோட "என் மார்க்கத்துல நாங்க கை கொடுக்குறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஒரே வரில முடிங்க, கூச்சப்பட்டு நெளியறதுதான் சூழலை கெடுக்குது. ஹிஜாப் போடுற தங்கச்சிங்களுக்கு, போட்டுட்டே போங்க, அதை எடுத்துட்டு வந்தாத்தான் வேலைன்னு சொல்ற இடம் வேலைக்கு சேர்ந்தப்புறம் இன்னும் நெருக்கும்.

சம்பளம் பேசலாம், கேக்குறது பேராசை இல்ல. மூஸா (அலை) அவங்களோட ஒப்பந்தத்தை 28:27ல பாருங்க, எட்டு வருஷம், பத்தா முடிச்சா அது உன் விருப்பம், அவ்வளவு தெளிவா பேசி முடிச்சிருக்காங்க. மார்க்கெட்ல என்ன கொடுக்குறாங்கன்னு பாத்துட்டு ஒரு தொகை சொல்லுங்க. இப்போ வாங்குற சம்பளத்தை கூட்டி சொல்றது, இல்லாத ஆஃபரை இருக்குன்னு சொல்றது மட்டும் வேணாம். சொல்ல விருப்பம் இல்லைன்னா "எதிர்பார்ப்பை மட்டும் பேசலாமா"ன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

படி 8: தொழுகையை எப்போ, எப்படி கேக்குறது

என் அனுபவத்துல ஆஃபர் வந்தப்புறம், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேக்குறது சரியான நேரம். சின்னதா, எழுத்துல, வேலைக்கு எப்படி பாதிப்பு வராதுங்கிறதோட சேர்த்து கேளுங்க: "நான் முஸ்லிம். வேலை நேரத்துல ரெண்டு தொழுகை வரும், ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய பத்து நிமிஷம், அதை என் ப்ரேக்ல எடுத்துக்குவேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வேணும், அந்த நேரத்தை அன்னைக்கே முன்ன பின்ன வேலை பாத்து ஈடு கட்டிடுறேன். அமைதியான ஒரு இடம் இருந்தா போதும்." கெஞ்சவும் வேணாம், மிரட்டவும் வேணாம். சொன்ன மாதிரி அந்த நேரத்தை ஈடு கட்டுறது அமானிதம், பத்து நிமிஷம்னு சொல்லிட்டு நாப்பது நிமிஷம் காணாம போனா அடுத்து வர்ற முஸ்லிமுக்கும் அந்த கதவை மூடுறீங்க.

படி 9: ரிஜெக்ட் ஆனா

ஆகும், நிறைய ஆகும். உனக்கு பயன் தர்றதுக்கு ஆசைப்படு, அல்லாஹ்கிட்ட உதவி தேடு, இயலாம உக்காராதே, ஏதாவது நேர்ந்தா "நான் இப்படி செஞ்சிருந்தா"ன்னு சொல்லாதே, அல்லாஹ் விதிச்சான், நாடினதை செஞ்சான்னு சொல்லுன்னு முஸ்லிம்ல ஒரு ஹதீஸ். கேட்ட கேள்வியை எழுதி வச்சு, பதில் சொல்ல முடியாததை படிக்கிறது முதல் பாதில வருது, அதை செய்ங்க. ராத்திரி படுத்துக்கிட்டு அந்த ஒரு பதிலையே நினைச்சு குமையிறதைத்தான் ரெண்டாவது பாதி தடுக்குது.

ஒரு ஷீட் வச்சு எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. கால் வரவே இல்லைன்னா ரெஸ்யூமே, முதல் ரவுண்டுல நின்னா அடிப்படை, கடைசில நின்னா பேச்சு, அதை சரி பண்ணுங்க. கூட படிச்சவனுக்கு வேலை கிடைச்சு மனசு சுருங்குச்சுன்னா அவனுக்கு பரக்கத்துக்கு துஆ கேளுங்க, வாய் விட்டு கேளுங்க, அந்த சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். கடனும் கவலையும் சேர்ந்து அழுத்துறப்ப "அல்லாஹும்மக்ஃபினீ பிஹலாலிக்க அன் ஹராமிக்க, வஅக்னினீ பிஃபள்லிக்க அம்மன் ஸிவாக்"ங்கிற துஆவை விடாதீங்க, உன் ஹலாலை கொண்டே ஹராம் பக்கம் போகாம எனக்கு போதுமாக்கு, உன் அருளால மத்தவங்க தேவைப்படாம ஆக்குன்னு அர்த்தம்.

படி 10: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

ஒப்பந்தங்களை நிறைவேத்துங்கன்னு 5:1 சொல்லுது, அப்போ படிக்காம கையெழுத்து போட கூடாது. நோட்டீஸ் பீரியட், வெளி வேலை பாக்க கூடாதுங்கிற நிபந்தனை, எழுதுற கோடு யாருக்கு சொந்தம், இடையில போனா பணம் கட்டணுமா, எல்லாத்தையும் படிங்க. வெளி வேலை கூடாதுன்னு எழுதியிருந்தா ராத்திரி ஒளிஞ்சு ஃப்ரீலான்ஸ் பண்றது ஒப்பந்தத்தை மீறுறதுதான், முன்னாடியே பேசி எழுத்துல அனுமதி வாங்கிக்கங்க. கம்பெனி ஷேர் கொடுத்தாங்கன்னா அந்த கம்பெனியோட தொழில் ஹலாலாங்கிற கேள்வி இங்கயும் வருது, ஓய்வுக்கால சேமிப்புல வட்டி சேருதுன்னா அந்த பகுதியை என்ன செய்றதுன்னு ஆலிம்கிட்ட கேட்டு வைங்க.

ஒரு இடத்துக்கு சரின்னு சொல்லிட்டு, பெரிய சம்பளம் வந்ததும் சேர்ற அன்னைக்கு போனை அணைச்சு வைக்கிறது இப்போ சாதாரணமா நடக்குது. வாக்கு கொடுத்தா மாறுறது முனாஃபிக்கோட அடையாளங்கள்ல ஒண்ணு. இன்னும் ரெண்டு பதில் வர வேண்டியிருக்குன்னா சரி சொல்றதுக்கு முன்னாடியே ஒரு வாரம் டைம் கேளுங்க. சரி சொன்ன அன்னைக்கே மத்த கம்பெனிகளுக்கு "வேற இடத்துல சேர்றேன், நேரம் கொடுத்ததுக்கு நன்றி"ன்னு ஒரு மெயில் போடுங்க, உங்களுக்காக காத்திருக்குற அந்த இடம் இன்னொருத்தருக்கு போகட்டும்.

முதல் சம்பளம் வந்ததும் செலவு பட்டியலோட சேர்த்து ஸகாத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. தங்கத்தை வச்சு கணக்கு பாத்தா நிஸாப் (ஸகாத் கடமையாகுற குறைந்தபட்ச அளவு) ஏறக்குறைய 85 கிராம், வெள்ளி கணக்கை எடுக்குற ஆலிம்களும் இருக்காங்க, உங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கங்க. சேமிப்பு அந்த அளவை தொட்ட ஹிஜ்ரி தேதியை போன் காலண்டர்ல குறிச்சு, வருஷா வருஷம் ஞாபகப்படுத்துற மாதிரி அலாரம் வைங்க, ஒரு சந்திர வருஷம் முடியறப்ப கையில நிஸாப் இருந்தா இருக்குறதுல 2.5 சதவீதம்.